பாஞ்சோ யாருடையது?

(மாணவர்களும் இளம் தோழர்களும் கூடிய ஒருநாள் பண்பாட்டு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலை அமர்வுல ஒரு தம்பி எழுந்து, "பறையை நாம தொடணுமா, விடணுமா?"ன்னு கேட்டார். உடனே அரங்கமே ரெண்டாப் பிரிஞ்சு சத்தம் போட்டது. ஒரு பக்கம், சாவுக்கு அடிச்ச அடிமைச் சின்னம், தூக்கிப் போடுங்கற குரல். இன்னொரு பக்கம், இது எங்க பாட்டன் சொத்து, கலகக் கருவிங்கற குரல். சாப்பாட்டு மணி அடித்ததால் விவாதம் நின்றது. முடிந்ததால் நிற்கவில்லை.

எங்க பெரியப்பா பறை அடித்தவர். அவர் மகன், எங்க அண்ணன், படிச்சு வேலைக்குப் போனதும் செஞ்ச முதல் காரியம் அந்தப் பறையை அடுப்பில் வைத்ததுதான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

என்னைப் பேசச் சொன்ன விசயம் வேற. அமெரிக்காவில் கன்ட்ரி இசை, நாட்டார் இசை இரண்டிலும் பாடுகிற, பாட்டு எழுதுகிற, பாஞ்சோவும் பிடிலும் வாசிக்கிற ரியானன் கிடன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைப் பற்றி. ஆனா அந்தத் தம்பி கேட்ட கேள்வியிலிருந்து விலகிப் போக முடியாது. அந்தப் பெண்ணின் இசை வாழ்க்கை முழுக்க அதே கேள்விக்குள்ளதான் நடக்குது.

அமெரிக்கக் கறுப்பர் கதை நமக்கு எதுக்குன்னு யாரும் கேட்க மாட்டீங்க என்று நினைக்கிறேன். ஜோதிராவ் புலே 1873ல் 'குலாம்கிரி' எழுதினப்போ, அடிமை முறையை ஒழிச்சதுக்காக அமெரிக்க மக்களுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946ல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்ததே கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான். இது பழைய உறவு.

சரி. கன்ட்ரி இசைன்னு சொன்னா உங்க மனசுல என்ன வருது? அகலத் தொப்பி, பூட்ஸ், குதிரை, ஒரு வெள்ளைக்கார விவசாயி, கையில கிட்டார், இல்லேன்னா பாஞ்சோ. பாஞ்சோவைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். வட்டமான உடம்பு, அதன் மேல் இழுத்துக் கட்டின தோல், நீளக் கழுத்து, நாலோ அஞ்சோ தந்தி. கூர்ந்து பார்த்தா அது தந்தி கட்டின பறை. அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் அது மலைநாட்டு வெள்ளைக்காரன் வாத்தியம் என்பார்கள். அப்படித்தான் அங்கே பல தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அது பொய். மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கை மேல் தோல் போர்த்தித் தந்தி கட்டிய வாத்தியங்கள் பல உண்டு. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்கள் வாசிக்கிற அகொண்டிங் அதில் ஒன்று. கரீபியத் தீவுகளில் 17ஆம் நூற்றாண்டிலேயே அடிமைகள் கையில் இந்த வகை வாத்தியம் இருந்தது. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1687ல் ஜமைக்கா போய், அங்கே பார்த்த வாத்தியங்களின் படத்தை 1707ல் வந்த தன் புத்தகத்தில் போட்டிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்குக் கரோலினாவில் வரைந்த ஓர் ஓவியம் இருக்கு. அடிமைக் குடியிருப்பில் கறுப்பர்கள் ஆடுகிறார்கள், ஒருத்தர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். பக்கத்திலேயே இன்னொருவர் சின்ன முரசு அடிக்கிறார்.

முரசைப் பற்றி ஒண்ணு சொல்லியாகணும். அதே தெற்குக் கரோலினாவில் 1739ல் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் ஆயுதம் எடுத்து, முரசு அடித்துக்கொண்டு அணிவகுத்தார்கள். நசுக்கப்பட்டார்கள். அடுத்த வருசம் 1740ல் சட்டம் போட்டான்: அடிமைகள் முரசோ கொம்போ வேறு பெருத்த ஓசைக் கருவியோ வைத்திருக்கக் கூடாது. ஆண்டைக்குப் பயம் எங்கே இருந்தது பாருங்க. ஒரு தோலைத் தட்டினால் நாலு தோட்டத்து ஆட்கள் கூடிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிடிலும் கறுப்பர் கையில்தான் இருந்தது. ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லி ஆண்டைகள் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். இத்தனை உயரம், இந்த இடத்தில் தழும்பு, பிடில் நன்றாக வாசிப்பான் என்று அடையாளம் போட்டிருக்கும். வெள்ளைக்காரன் வீட்டு நடன விருந்துக்கு வாசித்தது இவர்கள்தான். வாசித்துக்கொண்டே, இப்படித் திரும்பு, அப்படிச் சுற்று என்று ஆட்டக்காரர்களுக்குக் கூவிச் சொல்கிற வழக்கமும் கறுப்பு இசைஞர்களிடமிருந்துதான் வந்தது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் எப்படிக் கை மாறியது?

1830களில் ஜோயல் ஸ்வீனி என்ற வர்ஜீனியாக்காரர் கறுப்பர்களிடம் பாஞ்சோ கற்றுக்கொண்டு மேடைக்குக் கொண்டுபோனார். முகத்தில் கரி பூசிக்கொண்டு போனார். 1843ல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நாலு பேர் குழு முழு நிகழ்ச்சியே நடத்தியது. பாஞ்சோ, பிடில், எலும்புத் துண்டு, தம்பூரின். நாலு வெள்ளைக்காரர்கள் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, கறுப்பனை முட்டாளாகவும் சோம்பேறியாகவும் நடித்துக் காட்டினார்கள். பணம் கொட்டியது. நாடு முழுக்க இந்தக் கூத்து பரவியது. தெற்கே நிறவேற்றுமைச் சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ' சட்டம்னு பேர் வந்ததே இப்படி ஒரு கரி பூசிய வேடத்தின் பேர்தான். வாத்தியத்தை எடுத்துக்கிட்டான், அதோட சேர்த்து நம்மையே கேலிப் பொருளாக்கினான் என்ற வலியில், கறுப்பர்கள் மெல்ல மெல்ல பாஞ்சோவைக் கீழே வைத்தார்கள். நகரங்களுக்குப் போனவர்கள் கிட்டாருக்கும் புதிய இசைகளுக்கும் மாறினார்கள். எங்க அண்ணன் பறையை அடுப்பில் வைத்தது எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருது.

மிச்சத்தை முடித்து வைத்தது சந்தை. 1920ல் மேமி ஸ்மித் பாடிய புளூஸ் தட்டு விற்றுத் தீர்ந்ததும், கறுப்பர்களுக்கென்று 'இனத் தட்டுகள்' என்று தனி வரிசை போட்டார்கள். 1923ல் அட்லாண்டாவில் ஜான் கார்சன் என்ற வெள்ளைப் பிடில்காரரைப் பதிவு செய்ததும், அந்தப் பக்கம் 'ஹில்பில்லி' என்று இன்னொரு வரிசை. கறுப்பன் என்றால் புளூஸ், வெள்ளையன் என்றால் பிடில், பாஞ்சோ. ஒரே ஊரில், ஒரே நடனத்துக்கு, ஒரே பாட்டை வாசித்தவர்கள் கடையில் இரண்டு அலமாரிக்குப் போனார்கள். கறுப்புத் தந்தி வாத்தியக் குழுக்கள் எந்த அலமாரியிலும் அடங்கவில்லை. அதனால் அவர்களில் மிகக் கொஞ்சம் பேரைத்தான் பதிவு செய்தார்கள். பதிவு இல்லாதவன் வரலாற்றில் இல்லை. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது, இரண்டுக்கும் தனிக் கிணறு இருக்கிறது. இதற்கு மேல் இந்தக் கூட்டத்தில் விளக்கம் வேண்டாம்.

ஒரே ஒருத்தர் கதையை மட்டும் சொல்லிட்டுப் போறேன். நாஷ்வில் நகரத்து 'கிராண்ட் ஓல் ஓப்ரி' கன்ட்ரி இசையின் கோயில் மாதிரி. அந்த வானொலி நிகழ்ச்சிக்கு 1927 டிசம்பரில் அந்தப் பெயரைச் சூட்டின அன்னிக்கு, அதற்குச் சற்று முன்னால் மவுத் ஆர்கன் வாசித்தவர் டிஃபோர்டு பெய்லி. கறுப்பர். அடிமையாக இருந்தவரின் பேரன். ஓப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். குழுவோடு ஊர் ஊராகப் போவார், மேடையில் கைதட்டுவான், ராத்திரி தங்க ஓட்டலில் அறை தரமாட்டான். 1941ல் வேலையை விட்டு அனுப்பினார்கள். அதுக்கப்புறம் நாஷ்வில்லிலேயே செருப்புக்குப் பாலிஷ் போடும் கடை வைத்துப் பிழைத்தார். 1982ல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005ல்.

அதே 2005லதான் நம்ம கதையும் தொடங்குது.

ரியானன் கிடன்ஸ் 1977ல் வடக்குக் கரோலினா கிரீன்ஸ்பரோவில் பிறந்தவர். கிரீன்ஸ்பரோ தெரியும்தானே? 1960 பிப்ரவரி 1 அன்னிக்கு நாலு கறுப்பு மாணவர்கள் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்களே, அந்த ஊர். அப்பா வெள்ளையர், அம்மா கறுப்பர். கலப்புத் திருமணத்தைத் தடுத்த சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 1967ல்தான். அதற்குச் சில வருசம் கழித்து நடந்த கல்யாணம் அவர்களுடையது.

ஓபர்லின் இசைக் கல்லூரியில் ஓபரா படித்து 2000ல் பட்டம் பெற்றார். ஐரோப்பிய மேட்டுக்குடிப் பாட்டு. நம்ம ஊரில் கர்நாடக சங்கீதம் படித்துத் தேறி வந்த ஒரு சேரிப் பெண்ணைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியவர் சும்மா பொழுதுபோக்காக ஒரு நாட்டுப்புற நடனக் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே பாஞ்சோ சத்தம் கேட்டுப் பிடித்துப் போகிறது. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறார். சுற்றிலும் பார்த்தால் எல்லாரும் வெள்ளையர். இது இவங்க இசை, நான் விருந்தாளி என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி.

2005 ஏப்ரலில் அதே மாநிலத்து பூன் நகரத்தில் கறுப்பு பாஞ்சோ வரலாறு பற்றி ஒரு கூடல் நடந்தது. ஆய்வாளர்கள், கலைஞர்கள் வந்தார்கள். அங்கேதான் டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற இரண்டு இளைஞர்களைச் சந்தித்தார். ஜோ தாம்சன் என்ற கிழவரையும் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டார்கள்.

இந்த ஜோ தாம்சன் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். 1918ல் பிறந்தவர். அப்பாவிடம் பிடில் கற்றவர். சோளக்கதிர் உரிக்கிற கூட்டு வேலை முடிந்ததும் நடக்கும் ஆட்டங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே வாசித்தவர். மெபேன் என்ற சின்ன ஊரில் மரச்சாமான் தொழிற்சாலையில் பல வருசம் உழைத்தவர். அவருடைய பங்காளி ஓடெல் பாஞ்சோ வாசிப்பார், இவர் பிடில். 1994ல் ஓடெல் இறந்துபோனார். கறுப்பர் தந்தி வாத்திய மரபில் பரம்பரையாக வந்த கை என்று எஞ்சியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர். அதில் இவர் ஒருவர். இடையில் பக்கவாதம் வேறு வந்து போயிருந்தது. 86 வயசு.

அந்த மூணு பேரும் வியாழக்கிழமை ராத்திரிகளில் அவர் வீட்டுக்குப் போனார்கள். சுரக்குறிப்பு கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. கிழவர் வாசிப்பார், இவங்க கூட வாசிப்பாங்க. அதே பாட்டு, திரும்பவும் அதே பாட்டு. கிடன்ஸ் பாஞ்சோவில் ஓடெல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். தோழர்களே, ஓபரா கல்லூரி கொடுக்காத ஒன்றை, ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சாலைக் கூலியின் வீட்டு அறை கொடுத்தது. 2012ல் ஜோ தாம்சன் இறந்தார். அந்த ஏழு வருசம் அவர்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த வில்லடி அவரோடேயே மண்ணுக்குப் போயிருக்கும். இங்கே இருக்கிற மாணவர்களைக் கேட்கிறேன், உங்க ஊரில் எழுபது வயசுக்கு மேல் எத்தனை கலைஞர்கள் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா? ஆய்வேட்டுக்குப் பேட்டி எடுக்கப் போவதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதைச் சொல்றேன்.

மூணு பேரும் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்று குழு தொடங்கினார்கள். 1930களில் இருந்த 'டென்னசி சாக்லேட் டிராப்ஸ்' என்ற கறுப்புக் குழுவின் நினைவாக வைத்த பெயர். 2010ல் வந்த 'ஜெனியுன் நீக்ரோ ஜிக்' தொகுப்புக்கு மறு வருசம் கிராமி விருது கிடைத்தது. விருதை விட எனக்கு முக்கியம் அந்தத் தலைப்பின் கதை. டான் எம்மெட் என்று ஒருவர், 1843 கரிபூசிக் குழுவில் இருந்தவர், தெற்கத்திப் படையின் கீதமாகவே ஆகிப்போன 'டிக்சி' பாட்டின் ஆசிரியராக அறியப்பட்டவர். அவர் தாளில் 'அசல் நீக்ரோ ஆட்டம்' என்று ஒரு மெட்டு இருக்கு. வாசித்தவன் பெயர் கிடையாது. ஒஹையோவில் எம்மெட்டின் ஊர்ப்பக்கம் ஸ்னோடன் என்ற கறுப்பு இசைக் குடும்பம் இருந்தது. 'டிக்சி'யை எம்மெட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது இவர்கள்தான் என்று அந்தக் குடும்பத்துக் கல்லறைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்களுக்குள் இதில் சண்டை உண்டு. இந்தக் குழு என்ன செய்தது? அந்த மெட்டைத் தொகுப்பில் 'ஸ்னோடன் ஜிக்' என்று பெயர் மாற்றிப் போட்டது. பறிமுதலான பொருளுக்குப் பழைய சொந்தக்காரன் பெயரில் பட்டா மாற்றிய மாதிரி.

2013ல் நியூயார்க் டவுன் ஹால் மேடையில் பெரிய பாடகர்களுக்கு நடுவில் பாடியதிலிருந்து தனிப் பாடகியாக அவர் பெயர் பரவியது. 2015ல் 'டுமாரோ இஸ் மை டர்ன்'. அதில் இருப்பவை பெரும்பாலும் பெண்கள் பாடிப் புகழ் கொடுத்த பாட்டுகள்: நீனா சிமோன், ரோசெட்டா தார்ப், எலிசபெத் காட்டன், டாலி பார்ட்டன், பாட்ஸி கிளைன். கறுப்பும் வெள்ளையும் ஒரே வரிசையில். சந்தை பிரித்து வைத்த இரண்டு அலமாரியையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டார். ஒரே குரல் ஓபரா பாடுது, புளூஸ் பாடுது, ஸ்காட்லாந்துக் கெயிலிக் மொழியில் வாய்த்தாளப் பாட்டும் பாடுது. பல கலையிலும் கைதேர்ந்தவர் என்று பத்திரிகைகள் எழுதும். பல வாசல் உள்ள வீட்டில் எந்த வாசலிலும் 'உனக்கு இங்கே இடமில்லை' என்று சொல்ல முடியாதபடி எல்லாப் பூட்டுக்கும் சாவி செய்து வைத்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன். அதே வருசம் 'பேக்டரி கேர்ள்' என்ற பழைய ஐரிஷ் பாட்டை எடுத்து, வங்காள தேசத்தில் 2013ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் செத்ததை வைத்து வரிகளைத் திருத்தி எழுதினார்.

பாட்டு எழுதுகிறவராக அவரை நான் மதிப்பது 2017ல் வந்த 'ஃப்ரீடம் ஹைவே' தொகுப்புக்காக. அதில் இரண்டு பாட்டு. ஒன்று, 1830களில் வந்த ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. ஒரு இளம் பெண் விற்பனைக்கு. அவளுக்கு ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது, அது வாங்குகிறவர் விருப்பப்படி. வேண்டுமென்றால் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போகலாம். மாடு வாங்கும்போது கன்றைப் பற்றிப் பேசுவது மாதிரி. அந்த ஒரு வரியை எடுத்துக்கிட்டு அந்தத் தாயின் வாயாகப் பாடுகிறார். ஒப்பாரி இல்லை. உடம்பும் உழைப்பும் உன் கையில், என் உள்ளே இருப்பது உன் கைக்கு வராது என்ற தொனி. ஒப்பாரி வைத்திருந்தால் வெள்ளைக்காரன் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இது அவனை உட்கார வைக்கிறது.

இன்னொன்று 'ஜூலி'. அடிமைகளின் வாக்குமூலங்களைத் தொகுத்த ஒரு நூலைப் படித்து எழுதியது. வடக்குப் படை நெருங்கி வருது. எஜமானியம்மாள் ஓடி வந்து ஜூலியிடம் பேசுகிறாள். என்னை விட்டுப் போகாதே என்கிறாள், நகை, பணப்பெட்டியை உன்னுடையது என்று சொல்லி ஒளித்து வை என்கிறாள். ஜூலி மறுக்கிறாள். அந்தப் பொன் என் பிள்ளைகளை விற்று நீ வாங்கியது என்கிறாள். இரண்டு பெண்கள், ஒரு வீட்டு வாசல், ஒரு பெட்டி. நாடகமே அவ்வளவுதான். உன்னை வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே வைத்திருந்தேன் என்கிற அன்பு இருக்கே, அந்த அன்பைத் தோலுரிக்கிற பாட்டு. அந்த வசனம் நம்ம ஊர்லயும் ரொம்ப காலமா ஓடுற வசனம். நம்ம அம்மாக்களைக் கேட்டால் இன்னும் நூறு ஜூலி கிடைப்பாள். யாராவது எழுதினோமா?

2019ல் அமித்திஸ்ட் கியா, லேலா மெக்கல்லா, அலிசன் ரஸ்ஸல் என்று இன்னும் மூன்று கறுப்பு பாஞ்சோக்காரிகளோடு சேர்ந்து 'அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்' தொகுப்பு போட்டார். அடிமைப் பெண்களின் மேல் நடந்த வன்முறையை, அவர்களின் எதிர்ப்பைப் பெண்களே பாடுவது. ஆண் எழுதிய விடுதலை வரலாற்றில் அந்தப் பெண்களுக்கு இடமில்லாமல் போனதற்கான பதில் அது. நம்ம இயக்கக் கலைக்குழுக்களும், நான் உள்பட, யோசிக்க வேண்டிய இடம்.

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ல் ஸ்டீவ் மார்ட்டின் பாஞ்சோ விருது. 2017ல் மெக்ஆர்தர் நல்கை, 6,25,000 டாலர். 2022ல் இன்னொரு கிராமி. மைக்கேல் ஏபல்ஸோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஓமர்' என்ற ஓபராவுக்கு 2023ல் புலிட்சர்.

'ஓமர்' மட்டும் இரண்டு வார்த்தை கேட்கும். ஓமர் இபின் சயீத் செனகல் பகுதியில் பிறந்த முஸ்லிம் அறிஞர். 1807ல் பிடித்து சார்ல்ஸ்டனில் விற்றார்கள். ஓடினார். வடக்குக் கரோலினாவில் பிடித்துச் சிறையில் போட்டப்போ சிறைச் சுவரில் அரபியில் எழுதினார். 1831ல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். எழுத்தறிவே இல்லாத கூட்டம் என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்த இனத்தில் ஒருவர், ஆண்டைக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் தன் கதையை எழுதி வைத்தார். அந்த ஓபரா 2022ல் அரங்கேறியது அவரை விற்ற அதே சார்ல்ஸ்டன் நகரத்தில். படித்த ஓபராவையும் பெற்ற மரபையும் கிடன்ஸ் அங்கே ஒன்றாகக் கட்டினார்.

2024ல் பியான்சே கன்ட்ரி பக்கம் வந்து 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாடினப்போ அதன் தொடக்கத்தில் கேட்கிற பாஞ்சோ கிடன்ஸுடையது. பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்புப் பெண் பியான்சே. கோடிக்கணக்கான பேர் காதில் அந்தப் பாஞ்சோ விழுந்தது. உடனே, இவங்களுக்கு கன்ட்ரியில் என்ன வேலை என்று ஒரு கூட்டம் கேட்டது. டிஃபோர்டு பெய்லியைக் கேட்ட அதே கேள்வி, நூறு வருசம் கழித்து.

இப்போ விமர்சனம். நம்ம கூட்டத்தில் யாரையும் தெய்வமாக்கிவிட்டுப் போகக் கூடாது.

அவர் கச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். எந்த மக்களின் பாட்டோ அந்த மக்கள் நாற்காலியில் இல்லை. 2025 ஏப்ரலில் டர்ஹாம் நகரத்தில் அவர் முன்னின்று நடத்திய 'பிஸ்கட்ஸ் அண்ட் பாஞ்சோஸ்' விழாவை இதற்கான ஒரு முயற்சியாக நான் பார்க்கிறேன். சாக்லேட் டிராப்ஸ் குழு அங்கே மறுபடி ஒன்றுகூடியது. ஆனாலும் நல்கை, பரிசு, பெரிய அரங்கம் இதெல்லாம் ஒரு கலகக் குரலை மெல்ல மெல்ல அருங்காட்சியகப் பொருளாக்கும் என்ற பயம் எனக்கு உண்டு.

இரண்டாவது, அவர் எப்போதும் வலியுறுத்துகிற ஒன்று: இந்த இசை கறுப்பருக்கு மட்டும் சொந்தமில்லை, ஏழைக் கறுப்பரும் ஏழை வெள்ளையரும் சேர்ந்து கலந்து உண்டாக்கியது என்பது. வரலாற்றுப்படி சரி. ஆனா 'எல்லாம் கலப்புதான்' என்கிற வாதத்தை நம்ம ஊர்ல யார் எதுக்குச் சொல்றாங்கன்னு பார்த்தே பழகிட்டதால எனக்கு அதில் உறுத்தல் இருந்தது. பிறகு யோசித்தேன். அவர் கலப்பைப் பேசும்போது கூடவே விளம்பரத்தைப் படிக்கிறார், கரி பூசிய முகத்தைக் காட்டுகிறார், ஸ்னோடன் பெயரைத் திருப்பிப் போடுகிறார். திருட்டைச் சொல்லிவிட்டு உறவைப் பேசுகிறார். நம்ம ஊர்ப் பண்பாட்டு ஆட்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பேசுவார்கள்.

மூன்றாவது, அந்தத் தம்பி கேள்விக்கே வருகிறேன். பாஞ்சோவும் பறையும் ஒன்றில்லை. பாஞ்சோ அடிமைகள் தங்களுக்காகச் செய்து கொண்ட வாத்தியம். அதைத் திருடிக் கேலி செய்ததால் வெட்கம் வந்தது. பறை நமக்குச் சொந்தம், ஆனா சாவு வீட்டு வாசலில் கூலியும் மரியாதையும் இல்லாமல் அடிக்கணும் என்று அதைத் தொழிலாகத் தலையில் கட்டினான். அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கிய ஊர்கள் உண்டு. அந்த மறுப்பு ஒரு போராட்டம், அதைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமை கிடையாது. கிடன்ஸை உதாரணம் காட்டி எல்லாரும் பறை எடுங்கள் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். அவன் வாசலில் அடிக்க மாட்டேன் என்பதும், என் மேடையில் அடிப்பேன் என்பதும் ஒரே ஆள் வாயிலிருந்து வர முடியும் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெளிவு. அதுக்கு மேல அந்த வாத்தியத்தைச் சுமந்த குடும்பங்கள்தான் சொல்லணும். எங்க அண்ணனும் சேர்த்துத்தான்.

கிடன்ஸ் மேடையில் வாசிக்கிற பாஞ்சோ புது மாதிரி இல்லை. 1858ஆம் வருசத்து வாத்தியம் ஒன்றைப் பார்த்துச் செய்த நகல். கழுத்தில் தடுப்புக் கம்பிகள் கிடையாது, சத்தம் இப்போதைய பாஞ்சோ மாதிரி கணீரென்று வராது, தாழ்ந்து, கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி வரும். கரிபூசிக் கூத்துக் காலத்து வாத்தியம் அது. வெட்கப்பட்டு விட்ட இடத்திலேயே போய் எடுத்திருக்கிறார்.

தோழர் ஒலிபெருக்கியில் பாட்டைப் போடத் தயாராக இருக்கிறார். முதலில் ஜோ தாம்சன் பிடில், அப்புறம் 'ஜூலி'. வரிகளின் பொருளைத் தமிழில் தாளில் எழுதிக் கொடுத்திருக்கோம், பக்கத்தில் உள்ளவருக்கும் கொடுங்க. கேட்டு முடித்ததும் கேள்விகளுக்கு வருவோம். காலையில் கேட்ட தம்பிக்கு முதல் வாய்ப்பு.